தராசு சரியாகத்தான் சொன்னது

கடையில் தோட்டா வாங்குவதை ஆர்லன் விட்டு முப்பது வருடமாகிறது. சுட்ட பித்தளைக் கூட்டைக் கழுவி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, கூட்டின் வாயில் குண்டை அழுத்துவது வரை எல்லாம் அவர் கைவேலைதான். மொன்டானாவில் அந்தப் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் செய்ததைத் தோட்டா என்றே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அத்தனை தலைக்கனம்.

இந்த வருடம் எல்க் மான் வேட்டைக்கு முன்னால் மகள் டெனாவோடு ஒரு மாதமாக மல்லுக்கட்டு. அவளுடைய முந்நூறு மேக்னம் துப்பாக்கிக்கு நூற்றறுபத்தைந்து கிரெயின் எடையுள்ள குண்டு போதும் என்றாள் அவள். இருநூறுக்குக் கீழே பேச்சே கிடையாது என்றார் இவர்.

"தோள்பட்டை என்னோடதுப்பா. இருநூறு போட்டா கழுதை மாதிரி உதைக்குது."

"எல்க் என்ன முயலா? எலும்புல பட்டா உன் லேசுக் குண்டு சிதறிடும். அடிபட்ட மானைத் தேடிக்கிட்டு மூணு மைல் அலையப் போறியா?"

"லேசா இருக்கிற எதைத்தான் நீ ஒத்துக்கிட்டிருக்க? காப்பியவே கரண்டி நிக்கிற மாதிரிதான் குடிக்கிற."

கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். சனிக்கிழமை மத்தியானம் இருபது தோட்டா செய்து கொடுத்தார். ஞாயிறு விடியுமுன் அவள் தனியாக மலைக்குப் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு ஆர்லன் மேசையைத் துடைக்கப் போனார். நேற்று மிச்சமான மருந்து கிண்ணத்திலேயே கிடந்தது. மேக்னத்துக்கான மருந்து மெதுவாக எரிவது. பென்சில் கரியைப் பொடியாக நறுக்கியது போல இருக்கும். கிண்ணத்தில் இருந்ததோ கசகசா மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது. கரடி வந்தால் சுடுவதற்காக இடுப்பில் வைக்கிற ரிவால்வருக்கு அவர் போடும் மருந்து அது. பட்டென்று எரிந்துவிடும். மேக்னம் கூட்டில் அதை எழுபது கிரெயின் போட்டுச் சுட்டால் துப்பாக்கியே முகத்தில் வெடிக்கும்.

நேற்று வேலைக்கு நடுவில் மைத்துனன் போன் செய்திருந்தான். மகளை எப்படி மடக்கினோம் என்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பீற்றிக்கொண்டிருந்தபோதே கிண்ணம் காலியானது. நேற்றுக் காலையில் ரிவால்வர் தோட்டாவுக்கு எடுத்த மருந்து டப்பாவை எடுத்து வைக்காமல் விட்டிருந்தார். இரண்டு டப்பாவும் ஒரே கறுப்பு, ஒரே உயரம். பேச்சு மும்முரத்தில் அதைக் கவிழ்த்திருக்கிறார். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷன். தராசில் ஒவ்வொரு தடவையும் நிறுத்துத்தான் போட்டார். எடை அச்சுப் பிசகாமல் இருந்தது. எந்த மருந்து என்று தராசா சொல்லும்?

போன் வந்த பிறகு செய்தது கடைசி ஐந்து தோட்டா. கெட்டது ஐந்து, நல்லது பதினைந்து, அத்தனையும் ஒரே பெட்டியில் அவளிடம்.

"வெர்னா, டெனாவுக்குப் போன் போடு. போட்டுக்கிட்டே இரு," என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார். மலையில் சிக்னல் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

நாற்பது மைல். காட்டுப்பாதை முடிகிற இடத்தில் அவள் வண்டி நின்றது. பனியில் பதிந்த அவள் காலடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதி மேட்டில் ஏறும்போது மேலே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

அப்படியே நின்றுவிட்டார். அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று அவ்வளவு தூரத்தில் சொல்ல முடியவில்லை. பிறகு கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினார்.

டெனா நின்றுகொண்டிருந்தாள். முழு முகத்தோடு, இரண்டு கண்ணோடு நின்றாள். எண்பது கஜம் தள்ளி எல்க் விழுந்து கிடந்தது.

"நீ எங்கப்பா இங்க? பாத்தியா, ஒரே குண்டு. மறுபடி லோடு பண்ணிக் குறி வச்சேன், விரல் விசைக்குப் போயிடுச்சு, அதுக்குள்ள மடங்கி விழுந்துட்டான். சரி, இருநூறுதான். நீ சொன்னதே சரி."

ஆர்லன் துப்பாக்கியை அவள் கையிலிருந்து பிடுங்கி, அதன் பின்பக்க போல்டை இழுத்தார். வெளியே விழுந்த தோட்டாவை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். சரியான மருந்து கூடு முட்ட நிறைந்திருக்கும், அசையாது. இது சலசலத்தது.

"என்னப்பா அது?"

அவள் காதருகே நீட்டிக் குலுக்கினார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த வினாடியில் அவருக்கு அது தோன்றவும் செய்தது.

"ரிவால்வர் மருந்து. நான் மாத்திப் போட்டுட்டேன்."

டெனா அந்தத் தோட்டாவைப் பார்த்தாள். விசைக்குப் போன விரலைப் பார்த்தாள். பையிலிருந்த மிச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தானே குலுக்கிப் பார்த்து, சலசலத்த நான்கைத் தனியே வைத்தாள்.

"மன்னிச்சிடும்மா. இனிமே நான் போடவே..."

"இப்பப் பேசாதப்பா."

மாமிசம் கெட்டுப்போகுமுன் வேலையை முடித்தாக வேண்டும். இருவரும் எல்க்கிடம் நடந்தார்கள். வயிற்றைக் கிழிப்பது எப்போதும் ஆர்லனின் வேலை. பழக்கத்தில் கத்திக்காகக் கையை நீட்டினார். டெனா கத்தியை உருவித் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீ காலைப் பிடிச்சுக்க," என்றாள்.

அவர் குனிந்து பிடித்துக்கொண்டார்.