டீமேக்கர் யேசுரட்ணத்தின் காது

எங்கள் டீமேக்கர் யேசுரட்ணம் ரயில் சத்தம் கேட்பதற்காக வீட்டு ஜன்னல்களைச் சாத்துவார். இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. தினமும் நிஜ ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிப் போகிற இடம். அங்கே குடியிருந்துகொண்டு, இங்கிலாந்து ரயிலின் சத்தம் பதிந்த இசைத்தட்டு ஒன்றை அந்த மனிதர் வைத்திருந்தார். இடப்பக்க ஸ்பீக்கரில் கிளம்பும் ரயில் வலப்பக்க ஸ்பீக்கரில் போய் மறையும். அந்த நேரம் பார்த்து நம்முடைய ரயில் கூவிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சனியன், கெடுத்துட்டான்" என்று ஊசியைத் தூக்கிவிட்டு, அது போய்த் தொலைந்த பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

நான் அங்கே தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் இன்ஜின் டிரைவர். பெயர் கஸ்பர். தண்ணீரில் ஓடும் டர்பைனைக் கவனித்து, பேக்டரிக்கும் துரை பங்களாவுக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் கரண்ட் கொடுப்பது என் வேலை. டீமேக்கர் எனக்கு மேலே. கொழுந்து வாட்டுவதிலிருந்து தூளைப் பெட்டியில் அடைப்பது வரை பேக்டரிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம்.

அறுபத்திரண்டாம் ஆண்டு உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். புத்தியுள்ளவர்கள் கட்டிலும் அலமாரியும் எடுத்தார்கள். யேசுரட்ணம் ஸ்டீரியோ செட்டை எடுத்தார். இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், வால்வுகள் எரியும் ஓர் ஆம்பிளிஃபயர், ஒற்றையாள் தூக்க முடியாத சுழல்தட்டு. லொறியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அன்றே அவருடைய சம்சாரம் சுகிர்தம் அம்மாவின் தையல் மெஷின் முன் ஹாலிலிருந்து குசினிக்குப் போனது. சுவரில் இருந்த யேசுவின் படம்கூட, ஆணி அதிர்கிறது என்று உள் அறைக்குப் போய்விட்டது.

அதன் பிறகு அவர் அடித்த கூத்துக்கு அளவில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளின் அடியில் கருங்கல் வைத்தார். ஒரு வாரம் கழித்து, கல்லால் பாட்டு குளிர்ந்துவிட்டது என்று எடுத்தார். ஹாலின் நடுவே ஒரே ஒரு நாற்காலி போட்டு, அதன் நாலு காலுக்கும் தரையில் சுண்ணாம்பால் அடையாளம் வைத்தார். அந்த இடத்திலிருந்து கேட்டால்தான் சத்தம் சத்தமாக இருக்குமாம். பார்க்க வந்த கிளாக்கரும் டிஸ்பென்சரும் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நிற்பதுபோல் வரிசையில் நின்று, ஆளுக்கு ஐந்து நிமிடம் அதில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போவார்கள். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்க வரும் ஈயத்தாளை வெட்டி வயரைச் சுற்றச் சொன்னார். நானே சுற்றினேன். "இப்பப் பாரு கஸ்பர், பாட்டுல ஒரு பளபளப்பு வந்திருக்கு" என்றார். பளபளப்பு வயருக்குத்தான் வந்திருந்தது.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு மணிச்சத்தத்தில் இருந்தது. பெரிய வாத்தியக் கோஷ்டி வாசிக்கும் ஓர் இசைத்தட்டில், முக்கோணமாக வளைத்த கம்பியை யாரோ ஒருவன் மூன்று தரம் தட்டுவான். டிங், டிங், டிங். அந்த இடம் வருமுன்பே யேசுரட்ணம் விரலை உயர்த்தி எல்லாரையும் அடக்குவார். "பின்வரிசை, வலதுபக்கம், ரெண்டாவது ஆளு. கேட்டீங்களா?" கேட்டேன் என்று சொல்லாதவனுக்கு அந்த வீட்டில் தேத்தண்ணி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசைக்குப் போவது நின்றே போனது. கரண்ட் கொஞ்சம் இறங்கினால் சுழல்தட்டும் தளர்ந்து பாட்டு இழுக்கும். உடனே ஆள் அனுப்புவார். வயரை ஈயம் உருக்கி ஒட்டுவது, பெட்டியைத் திறந்து பார்ப்பது எல்லாம் என் தலையில். அதனால் அந்தப் பெட்டிகளின் வயிற்றுக்குள் இருப்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கீழே பெரிய ஸ்பீக்கர், தடித்த சத்தத்துக்கு. மேலே உள்ளங்கையளவில் ஒரு சின்னது, மணி மாதிரியான மெல்லிய சத்தத்துக்கு. அந்தச் சின்னதை அவர் மேலும் மேலும் ஏற்றச் சொல்வார். எனக்குப் பல் கூசும். சுகிர்தம் அம்மா காதைப் பொத்திக்கொள்வார். அவர் மட்டும், "இன்னும் கொஞ்சம்" என்பார்.

"கஸ்பர், நான் குசினியிலேருந்து கூப்பிட்டா இந்த மனுசனுக்குக் கேக்குறதில்ல. கிளாக்கரய்யா கட்டக் கொரல்ல பேசினா கேக்குது" என்று ஒருநாள் அந்த அம்மா சொன்னார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் ரோலர் மெஷின்களின் இரைச்சலுக்குள் இருபத்திரண்டு வருஷம் நின்ற மனிதர். மெல்லிய சத்தங்களெல்லாம் அந்தக் காதிலிருந்து எப்போதோ போய்விட்டன. மணி எங்கே வரும் என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, கேட்காத மணிக்கு விரல் உயர்த்திக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலே இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எவ்வளவோ சிரித்திருக்கிறோம்.

அடுத்த வருஷம் சித்திரை மாதம். கொழுந்து மலைமலையாக வந்து குவிந்த நேரம். மூன்றாம் நம்பர் ரோலரில் மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பியது. அந்த ரோலரைப் பார்த்துக்கொள்பவன் அழகன். சாது. நான் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைப் பேரிங்கில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டேன். மெஷின்காரர்கள் நோய் பார்க்கும் முறை அது. பேரிங் தேய்ந்துவிட்டிருந்தது. அழகன் என் கண்ணெதிரே காலையும் மாலையும் எண்ணெய் விட்டான். எண்ணெயால் தீருகிற கோளாறு இல்லை, நிறுத்தி மாற்ற வேண்டியது.

டீமேக்கரிடம் போய்ச் சொன்னேன். வந்தார். குச்சியைக் காதில் வைத்து, ஹாலில் மணிக்கு மூடுவதுபோல் கண்ணை மூடினார்.

"ஒன்னுமில்ல. சுத்தமா ஓடுது."

"ஐயா, கீச்சுன்னு கேக்குதுங்களே. அழகனுக்கே கேக்குதுங்க."

"கஸ்பர், நூறு பேரு வாசிக்கிற எடத்துல ஒருத்தன் கம்பியத் தட்டுனா எனக்குக் கேக்குது. எனக்குக் கேக்காதது ஒனக்குக் கேக்குதா? போ, போயி ஒன் டர்பைனப் பாரு."

மூன்றாம் நாள் பேரிங் இறுகி, தண்டு முறிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் முறிந்த தண்டு பக்கத்து ரோலரையும் படுக்கவைத்துவிட்டது. வாட்டிய கொழுந்தெல்லாம் புளித்து நாறி, கூடை கூடையாக ஆற்றோரத்தில் கொட்டப்பட்டது. எங்கள் தோட்டத்துத் துரை பேக்டரிக்கு வந்து யார் பொறுப்பு என்று கேட்டார். யேசுரட்ணம் இமைக்காமல் சொன்னார்:

"கஸ்பர் எங்கிட்ட ஒன்னும் சொல்லலங்க தொரை. சத்தமும் வரல. வந்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

அவர் காதின் புகழ் துரை பங்களா வரை பரவியிருந்ததால் துரையும் நம்பினார். சத்தம் வந்தது, சொன்னேன், குச்சி வைத்துக் கேட்டார் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "ஒருத்தன் பொய் சொல்றது" என்றார் துரை, அவருடைய தமிழில். "ஞாயித்துக்கெழம நான் டீமேக்கர் வீட்டுக்குப் பாட்டு கேட்க வர்றது. நீயும் வா. அங்க முடிவு சொல்றது." முடிவு என்றால் பத்துச்சீட்டுத்தான். அந்தத் துண்டுக் காகிதம் கைக்கு வந்தால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. சிசிலியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏறிப்போக எனக்கு ஓர் ஊர் கிடையாது. அக்கரையில், இந்தியாவில், எங்கள் ஊர் எதுவென்று என் அப்பனுக்கே சரியாகத் தெரியாது.

மூன்று நாள் யோசித்தேன். பொய்யன் யார் என்று காட்ட எனக்கு ஒரு வழி இருந்தது. அந்த மேதை கண்ணை மூடி, விரலை உயர்த்தி, மணியைப் பற்றி வாய் கிழியப் பேசி முடித்த பிறகு, "தொரை, மணி வர்ற ஸ்பீக்கரு ரெண்டும் கழண்டு கெடக்குதுங்க" என்று பின்பலகையைத் திறந்து காட்டுவது. அதன் பிறகு அந்தக் காதை யார் நம்புவார்கள்?

ஞாயிறு காலை எட்டு மணிக்கே போனேன். யேசுரட்ணம் குளித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டிகளையும் திறந்து, சின்ன ஸ்பீக்கர்களின் வயரைக் கழற்றினேன். இசைத்தட்டைப் போட்டுப் பார்த்தேன். மணி வருகிற இடத்தில் மணி இல்லை. மற்ற வாத்தியங்கள்கூடக் கம்பளியால் மூடியது மாதிரி மந்தமாகக் கேட்டன.

தேத்தண்ணியோடு வந்த சுகிர்தம் அம்மா நின்றார். "என்ன கஸ்பர், அந்த மணியக் காணோம்?"

"அம்மா, இன்னைக்கு ஒரு நாளைக்கு ஒன்னும் சொல்லாம இருங்க. என் வயித்துப்பாடு."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி. எனக்கும் பாக்கணும் போலத்தான் இருக்கு" என்றார்.

பத்து மணிக்குத் துரை வந்து, சுண்ணாம்பு அடையாளத்து நாற்காலியில் உட்கார்ந்தார். யேசுரட்ணம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் சுவரோரம் நின்றேன். குசினி வாசலில் சுகிர்தம் அம்மா. பாட்டு ஓடியது. அந்த இடம் நெருங்கியது. யேசுரட்ணத்தின் விரல் உயர்ந்தது. கண் மூடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த விரல் காற்றில் தட்டியது. ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. எனக்குப் பயம் பாதி, சந்தோஷம் பாதி.

"கேட்டீர்களா, துரை?" என்று யேசுரட்ணம் இங்கிலீஷில் கேட்டார்.

துரையும் கண்ணை மூடியிருந்தார். மெதுவாகத் திறந்தார்.

"அற்புதம்" என்றார். "பக்கத்தில் நின்று தட்டுவதுபோல் இருக்கிறது. மூன்றாவது தட்டு கொஞ்சம் மென்மை, இல்லையா?"

"மூன்றாவதுதான் மென்மை" என்றார் யேசுரட்ணம்.

யுத்தத்தில் துரை பீரங்கிப் படையில் இருந்தவர் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இரண்டு செவிடர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வராத மணியின் மென்மையை அளந்துகொண்டிருந்தார்கள். பின்பலகையைத் திறந்தால் இப்போது அவமானப்படப் போவது டீமேக்கர் மட்டுமில்லை. என் பத்துச்சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய மனிதரும்தான்.

துரை என் பக்கம் திரும்பினார். "கஸ்பர், நீ மெஷின் ஆளு. ஒனக்குக் கேட்டதா?"

சுகிர்தம் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுச்சுங்க தொரை" என்றேன். "நல்லா கேட்டுச்சுங்க. மூணாவது கொஞ்சம் மெதுவாத்தான் கேட்டுச்சு."

துரைக்கு ஒரே மகிழ்ச்சி. தொடையில் தட்டிச் சிரித்தார். இவ்வளவு நல்ல காதுள்ள இருவரையும் பொய்யர் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்க வேண்டும், அதனால் திடீரென்று இறுகியிருக்க வேண்டும் என்று அவரே ஒரு நியாயம் கண்டுபிடித்தார். "எண்ணெய் யார் விடுறது?"

"அழகன்" என்றார் யேசுரட்ணம், கேள்வி முடியுமுன்பே.

"அழகன் ஒழுங்கா விட்டானா, கஸ்பர்?"

"நான் டர்பைன் வீட்டுல இருந்தேனுங்க தொரை" என்றேன். "கவனிக்கல."

திங்கட்கிழமை அழகனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். அவன் பெண்சாதி காளியாயியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தான். கோபமாகக்கூட வரவில்லை. "அண்ணே, நா எண்ண ஊத்துனத நீங்க பாத்தீங்கல்ல. தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்றான். சொல்கிறேன் என்றேன். அந்த வாரக் கடைசியில் அவர்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு போகும்வரை நான் பங்களாப் பக்கம் போகவில்லை.

கழற்றிய வயரை மாட்ட மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. யேசுரட்ணம் பேக்டரிக்குப் போயிருந்தார். ஒரு வாரமாக மணியில்லாத பாட்டைக் கேட்டு அவர் மெய்மறந்துகொண்டிருந்திருக்கிறார். மண்டியிட்டு வேலை செய்யும்போது சுகிர்தம் அம்மா வந்து பின்னால் நின்றார். அன்றைக்குக் கையில் தேத்தண்ணி இல்லை.

"எங்க வீட்டு மனுசனுக்குக் காது செவிடு. தொரைக்கும் செவிடு" என்றார். "ஒனக்கு நல்லாத்தானே கேக்கும், கஸ்பர்?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் உள்ளே போனபிறகு பின்பலகையை வைத்து ஆணிகளை முடுக்கினேன்.