வலப்பக்க இருக்கை

...வேகம் பூஜ்யம் என்றால் கீழே விழுந்துகொண்டிருக்க வேண்டும், விழவில்லையே, என்ஜின் ஒரே சீராகத்தான் இரைகிறது, பாலோ ஊரின் செம்பனைத் தோட்டங்கள் கீழே நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன, அப்படியானால் பொய் சொல்வது வேகமானி, பிரேமலா விரலால் அதன் கண்ணாடியைத் தட்டினாள், முள் அசையவில்லை... பெரிய விமானத்தில் என்றால் பக்கத்திலேயே இன்னொரு வேகமானி இருக்கும், அதைப் பார்க்க இன்னொரு ஆளும் இருப்பார், "கேப்டன், உங்களுது தப்பா காட்டுது" என்பார், பதினாறு வருஷம் அந்தக் குரல்கள் எரிச்சலாகத்தான் இருந்தன, கொரோனாவில் அந்த வேலை போனது, பிறகு இந்தப் பயிற்சிப் பள்ளி, இந்தச் சின்ன விமானம், இன்று மாணவர்கூட இல்லை, பழுது பார்த்ததைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்... மூக்கை இறக்காதே, பயந்தால் கை தானாக இறக்கப் பார்க்கும், அடிவானத்தோடு பிடி, என்ஜின் சுற்று இரண்டாயிரத்து முந்நூறு, இரண்டும் சரியாக இருந்தால் வேகமும் சரியாகத்தான் இருக்கும், மாணவர்களுக்கு நூறு தடவை சொன்னதுதானே, சொல்வது எவ்வளவு சுலபம்...

செனாய் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு பெண்குரல், நிதானமான ஆங்கிலம், என்ன பழுது, எரிபொருள் எவ்வளவு, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டது, இவளும் சொன்னாள், நேற்றிலிருந்து யாரோடும் வாய்திறந்து பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, குலாய் வீட்டில் யார் இருக்கிறார்கள் பேச, மகள் ஷர்மினி சிங்கப்பூரில், "இந்த வாரமும் வர முடியாதும்மா, பார்டர் கஸ்டம்ஸ்ல ஒரே ஜாம்" என்றாள், சரி வராதே என்றேன், "நான் வந்தாலும் வராட்டியும் உங்களுக்கு ஒன்னுதான் லா", அப்படியா, ஒன்றுதானா... ஓடுபாதை தெரிகிறது. சுற்றைக் குறை, ஆயிரத்தைந்நூறு, இறக்கையின் ஃபிளாப்பை இறக்கு, வேகமாக வருகிறோமா, மெதுவாகவா, யாரைக் கேட்பது, வேகம் குறைந்தால் விமானத்தைத் திருப்பும் கைப்பிடி தளரும், காற்றின் இரைச்சல் அடங்கும், காதைக் கொடுத்துக் கேள்... அடங்குகிறதே, இவ்வளவு சீக்கிரமா, மூக்கைத் தாழ்த்து, பவர் கொடு, கொடு... இரைச்சல் திரும்பி வந்தது, சக்கரங்கள் தரையைத் தொட்டு ஒருமுறை எம்பின, மறுபடி தட்டின, ஓடி, ஓடி, விமானம் நின்றது.

காத்திருந்த தீயணைப்பு வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்த ஆளின் சட்டையில் ஹாரூன் என்று பெயர் இருந்தது, கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்தார், பின்னிருக்கையை எட்டிப் பார்த்தார், மறுபக்கம் சுற்றிப்போய் அந்தக் கதவையும் திறந்தார்.

"ஓக்கேவா கேப்டன்? இன்னொருத்தர் எங்க?"

"எந்த இன்னொருத்தர்?"

"ரெண்டு பேருன்னு டவர்ல சொன்னாங்களே. நீங்கதான் சொன்னீங்களாம்."

சொன்னேனா, எத்தனை பேர் என்று கேட்டபோது வலப்பக்கம் திரும்பியது நினைவிருக்கிறது, வெறும் இருக்கை, கொக்கியில் மாட்டிய பெல்ட், அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன், யாரை எண்ணினேன், பழைய துணை விமானிகளில் ஒருவரையா, ஷர்மினியையா, முகம் எதுவும் வரவில்லை, ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் யாரோ இருந்தது மட்டும் நிச்சயம்... ஹாரூன் இன்னும் பதிலுக்காக நின்றிருந்தார், யாருமில்லை, நான் மட்டும்தான் என்று சொன்னால் முடிந்தது, பிரேமலா வாயைத் திறந்தாள், அதைச் சொல்ல அவளுக்கு ஏனோ மனம் வரவில்லை.