மிச்ச எட்டு லிட்டர்

டக்கென்ற சத்தத்தோடு பெட்ரோல் குழாய் தானாக நின்றபோது பம்பின் திரை முப்பத்திரண்டு லிட்டர் என்றது. அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இந்த வாரம் செலவானது இருபத்துநான்கு லிட்டர் என்றது வண்டியின் திரை. கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் இரண்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது வாரமாக இப்படி.

"அக்கா, உங்க வண்டிக்கு வயித்துல பூச்சி இருக்கு போல," என்றாள் பம்பில் நின்ற பெண். "எவ்வளவு போட்டாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

அவள் சிரிக்கவில்லை. குழாயை வெளியே எடுக்கும் முன் இரண்டு முறை தட்டி, நுனியில் தொங்கிய கடைசிச் சொட்டையும் டேங்குக்குள் விழவைத்தாள். ஆறு வருடமாக இருக்கும் பழக்கம். அதனால்தான் அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேபில் எல்லோரும் அவளைச் சொட்டக்கா என்று அழைத்தார்கள். இன்று அந்தச் சொட்டு விழுவதைப் பார்க்க அவளுக்கே எரிச்சலாக இருந்தது. எட்டு லிட்டர் போன இடம் தெரியவில்லை, சொட்டுக்கு என்ன சேமிப்பு.

லேபில் ஐந்து வண்டிகள். ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே வெள்ளை நிறம். ஊரெங்கும் இருக்கும் சேகரிப்பு நிலையங்களில் எடுக்கப்படும் ரத்தமும் சிறுநீரும் ஐஸ் பெட்டிகளில் வைத்து சீல் போடப்படும். அவற்றைப் பதினோரு இடங்களில் வாங்கி, நேரம் தவறாமல் லேபுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. தினமும் எழுபத்திரண்டு கிலோமீட்டர். ஒரு நாளும் கூடாது, குறையாது. எந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற பட்டியலைத் திங்கள்தோறும் சுவரில் ஒட்டுவார்கள். அவள் பெயர் எப்போதும் முதலில் இருக்கும். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுவாள். "சொட்டக்கா பிரேக்கே போடாது. சிக்னல்தான் அதுக்குப் பயந்து பச்சையாகும்," என்று மற்ற ஓட்டுநர்கள் சொல்வார்கள்.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஐந்து வண்டிகளின் திரைகளிலும் ஒரே செய்தி வந்தது. புதிய மென்பொருள் தயாராக இருக்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: இப்போது, பிறகு. நான்கு பேர் 'பிறகு' என்பதை அமுக்கினார்கள். அதிலும் இரண்டாவது வண்டிக்காரன் படிக்காமலே அமுக்கினான். எதைக் கேட்டாலும் "அப்புறம்" என்பான். அவன் பெயரே அப்புறம் என்றாகிவிட்டிருந்தது. அவளால் மட்டும் எதையும் பிறகுக்கு வைக்க முடியாது. குடித்த டம்ளரை உடனே கழுவுகிற ஆள். 'இப்போது' என்பதை அமுக்கினாள். திரையில் ஒரு வெள்ளைக் கோடு நாற்பது நிமிடம் ஊர்ந்தது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று கண்ணாடிகளைத் துடைத்தாள். முடிவில் திரை 'நன்றி' என்றது. ஒரு இயந்திரம் தன்னை மெச்சியதில் அவளுக்கு அன்று கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. இப்போது நினைத்தால் பற்களை நறநறவென்று கடிக்கத் தோன்றியது.

மறுநாளே வண்டி மாறிவிட்டது. முன்பு லேசாக மிதித்தால் சரி என்பதுபோல் நகரும். இப்போது யாரோ முதுகில் அடித்ததுபோல் பாய்ந்தது. நின்ற இடத்திலும் உறுமியது. வாரக் கடைசியில் பம்பு எட்டு லிட்டர் கூடுதலாகச் சொன்னது. வண்டியின் திரை மட்டும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது.

வண்டிப் பொறுப்பாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மெதுவாகப் பேசுகிற மனிதர். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. இருபத்திநாலு லிட்டர் குடிச்சேன்னு வண்டியே சொல்லுது. முப்பத்திரண்டு ஊத்தினேன்னு பம்பு சொல்லுது. மிச்ச எட்டு லிட்டர் எறங்கி நடந்தா போச்சு?"

"அந்த அப்டேட்டுக்கு அப்புறம்தான் சார் இப்படி."

"அத வண்டிக் கம்பெனி சொல்லட்டும். ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, மேல காட்டிடறேன்." அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "இல்லன்னா மாசக் கடைசில உங்கள ஸ்டோருக்கு மாத்தச் சொல்றாங்க. நான் சொல்லல. மேல சொல்றாங்க."

ஸ்டோர் என்றால் நாள் முழுக்கக் காலிப் பெட்டிகளை அடுக்குவது. அதுகூடப் பரவாயில்லை. ஆறு வருடம் முதலில் இருந்தவள் திடீரென்று சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குப் போனால், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவர்களே பதிலை வைத்திருப்பார்கள்.

கம்பெனியின் சர்வீஸ் நிலையம் ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாக இருந்தது. டை கட்டிய இளைஞன் ஒருவன் கையகலத் திரையைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"சிஸ்டம்ல எந்தக் கோளாறும் காட்டல மேடம். டேங்க்ல லீக் இல்ல. டயர்ல காத்து சரியா இருக்கு."

"அப்ப பெட்ரோல் எங்க போகுது?"

"டிரைவிங் ஸ்டைல் மேடம். ஆளுக்கு ஆள் மாறும்."

"பதினாலு வருஷமா ஓட்டறேன். போன மாசம் செவ்வாய்க்கிழமை காலைல, நாப்பது நிமிஷத்துல என் ஸ்டைல் மாறிடுச்சா?"

அவன் புன்னகை செய்தான். அதற்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. "அப்டேட் உங்க நன்மைக்குத்தான் மேடம்."

"சரி, பழையபடி மாத்திக் குடுங்க."

"பின்னாடி போக முடியாது மேடம்."

புகார்ப் படிவம் ஒன்றைக் கொடுத்தான். எரிபொருள் அதிகம் செலவாகும் காரணம் என்று போட்டு, மூன்று கட்டங்கள் இருந்தன: ஓட்டும் முறை, எரிபொருளின் தரம், டயர் காற்று. நான்காவது கட்டம் இல்லை. அவள் படிவத்தின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே நன்றி என்று அச்சிட்டிருந்தது.

சாவியைக் கொண்டுவந்து தந்த மெக்கானிக் மட்டும், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தினார். "ஸ்க்ரீன் அளக்காதும்மா. அதுவா கணக்குப் போட்டுச் சொல்லும். கணக்கு பழசு, அப்டேட்டுக்கு அப்புறம் எஞ்சின் ஓடற விதம் புதுசு. இந்த மாசம் நீங்க ஆறாவது ஆள்."

"அண்ணே, இத அப்படியே எழுதிக் குடுங்களேன்."

அவர் துணியை மடித்தார். "எழுதினா ஏழாவது ஆள் வர்றப்ப நான் இங்க இருக்க மாட்டேன்."

வெளியே வந்து கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண்குரல் பதினெட்டு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு ஆண் வந்து, சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள் என்றான்.

அன்று மாலை அவளும் கணவனும் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இயந்திரம் பொய் சொல்லும் என்று தெரிந்தவன். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டான். "ம்" என்றான். கடைசிச் சட்டையை மடித்து வைத்த பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கோச்சுக்காத. ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நீ எடுக்கலல்ல?"

அவள் கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை இரண்டாக மடித்தாள். நான்காக, எட்டாக. அதற்கு மேல் மடிக்க முடியாத கட்டியாக அது ஆன பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"நான் சும்மாதான் கேட்டேன்," என்றான் அவன்.

"சும்மாதான் எல்லாரும் கேக்கறாங்க."

திங்கள் காலை, முதல் சுற்று முடித்துப் பெட்டிகளைக் கவுண்டரில் வைத்தாள். டெக்னீஷியன் பெண் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒட்டியிருந்த சிவப்பு சீலை விரலால் தடவி, எண்ணைப் படித்து, நோட்டில் எழுதினாள். ஒருமுறை ஒட்டினால் கிழிக்காமல் எடுக்க முடியாத காகிதம் அது. கிழிந்திருந்தால் உள்ளே இருப்பது எவ்வளவு நல்ல ரத்தமாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொண்டுவந்தவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் கேட்பதில்லை. சீலைத்தான் கேட்பார்கள். ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிற காட்சியை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"எனக்கு ஒரு சீல் வேணும்."

"எந்தப் பெட்டிக்குக்கா?"

"பெட்ரோல் டேங்குக்கு."

அந்தப் பெண் சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சரி. ஆனா இதை எதுலக்கா எழுதறது? இந்த ஒரு நோட்டுதான் இருக்கு."

"அதுலயே எழுது."

எதிர்ப்புறம் இருந்த பம்பில் டேங்கை வாய்வரை நிரப்பி, திரையின் வாரக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும், மூடிக் கதவின் மேல் டெக்னீஷியன் பெண்ணே தன் கையால் சிவப்புக் காகிதத்தை ஒட்டினாள். நோட்டில் எண், நேரம், கொண்டுவந்தவர் கையெழுத்து எல்லாம் ஆயிற்று. மாதிரியின் வகை என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கி, 'டேங்க்' என்று எழுதியது.

ஒவ்வொரு மாலையும் வண்டியை முற்றத்தில் நிறுத்தியதும் அந்தப் பெண் கையுறையோடு வெளியே வந்து, குனிந்து, சீலைத் தடவிப் பார்த்து, உள்ளே போய் எழுதினாள். இரண்டாம் நாள் இரண்டாவது வண்டிக்காரன் அப்புறம் அதைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, வண்டிக்கு சுகர் டெஸ்டா? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"உன் வேலையப் பாரு."

"அதுக்கென்ன, அப்புறம் பாத்துக்கலாம்." பிறகு குரல் மாறிக் கேட்டான். "நெஜமாவே அந்த ஸ்க்ரீனாலதானாக்கா? நான்கூட..." மீதியைச் சொல்லாமல் தலையைச் சொறிந்தான். அவனும் நினைத்திருக்கிறான். அவள் மறுபக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தாள்.

சனிக்கிழமை பம்பில் டெக்னீஷியன் பெண் சீலைக் கிழித்தாள். குழாய் நின்றபோது முப்பத்தொன்று புள்ளி ஒன்பது. வண்டியின் திரையில் இருபத்துநான்கு. அவள் இரண்டையும் படம் எடுத்தாள். முதல் படம் கலங்கிவிட்டது. மறுபடி எடுத்தாள். அன்று சொட்டைத் தட்டக்கூட மறந்துபோனாள்.

பொறுப்பாளர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார்.

"லேப் சீல எடுத்து வண்டில ஒட்ட யாரு அனுமதி குடுத்தா?"

 அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை போலும். நோட்டை மூடிவிட்டு, "அப்ப வண்டிதான் குடிக்குது," என்றார். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார். "சரி. ஒண்ணு பண்ணலாம். மத்த நாலு வண்டியையும் அப்டேட் பண்ணிடச் சொல்றேன். அப்பதான் பட்டியல் நியாயமா இருக்கும்."

"அஞ்சு வண்டியும் குடிக்குமே சார்."

"குடிக்கட்டும். ஒரு வண்டி குடிச்சாத்தான் வித்தியாசம். அஞ்சும் குடிச்சா அதுக்குப் பேரு இயல்பு. உங்க பேரு மறுபடி மேல வந்துரும். வண்டியும் உங்ககிட்டயே இருக்கட்டும். ஸ்டோர் பேச்செல்லாம் விடுங்க."

"மேல வர வேணாம் சார். அந்த எட்டு லிட்டர நான் எடுக்கலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "எழுத்துல குத்தம் சொன்னாத்தானம்மா எழுத்துல இல்லன்னு சொல்ல முடியும்? நான் எங்க குத்தம் சொன்னேன்?"

அவள் நின்றபடியே யோசித்தாள். ஒரு மாதத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினாள். அவர் சொன்னது சரிதான். நான் ஒண்ணும் சொல்லல என்றுதான் சொல்லியிருந்தார். சர்வீஸ் இளைஞன் புன்னகைத்தான். பம்புப் பெண் பூச்சி என்றாள். கணவன் சும்மா கேட்டான். இரண்டாவது வண்டிக்காரன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்தச் சொல்லை யாருமே உச்சரிக்கவில்லை. சொல்லாத சொல்லை யாரிடம் போய்த் திரும்ப வாங்குவது? அடித்திருந்தால் தழும்பையாவது காட்டலாம்.

"வேற ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல சார்."

முற்றத்தைக் கடக்கும்போது அப்புறம் தன் வண்டியின் திறந்த கதவருகே நின்று கத்தினான். "அக்கா, உன் புண்ணியத்துல எங்களையும் அமுக்கச் சொல்லி சார் இப்பதான் போன் பண்ணாரு. நல்லா இருக்கு நியாயம்!" அவள் நிற்கவில்லை. நோட்டோடு நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

"இந்த நோட்டுல என் வரிய மட்டும் ஒரு காப்பி எடுத்துத் தா."

டெக்னீஷியன் பெண் எதற்கு என்று கேட்கவில்லை. ஆறு நாளின் பக்கங்களையும் எடுத்தாள். யாரோ ஒருவரின் சிறுநீருக்கும் யாரோ ஒருவரின் வெறும்வயிற்று ரத்தத்துக்கும் நடுவில், பொடி எழுத்தில், நாளுக்கு ஒரு வரி. டேங்க். சீல் உடையவில்லை. "நோயாளிங்க விவரம் வெளிய போகக் கூடாதுக்கா," என்று சொல்லி வெள்ளைக் காகிதத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்து, மேலேயும் கீழேயும் வைத்து மற்ற வரிகளை மறைத்தாள்.

ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து முதல் தாள் வெளியே வந்தது. சூடாக இருந்தது. ஏறக்குறைய வெறும் தாள்தான். நடுவில் ஒரே ஒரு வரி.

"ஓரம் வெட்டுப்பட்டுடுச்சுக்கா. உங்க கையெழுத்துல பாதிதான் விழுந்திருக்கு. வேற எடுக்கவா?"

"எடு."

நோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். பட்டைகள் நழுவாமல் இருக்க அவள் இயந்திரத்தின் மூடியை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். அடியில் வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மெல்ல நகரத் தொடங்கியது. விரல்களின் ஓரங்களில் அது பச்சையாகக் கசிந்தது.