நீங்க எந்த அக்கவுண்ட்ல இருக்கீங்க?

தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. காலை ஷிப்டில் லாரியிலிருந்து டயர் இறக்கிவிட்டு, குளிக்கக்கூட இல்லாமல் ஈடித் வீட்டுச் சமையலறைக்கு வந்திருந்தேன். ஹாமில்டன் நகரத்தில் நாங்கள் இருவரும் வேலை போக மிச்ச நேரத்தில் மென்பொருள்களில் ஓட்டை தேடுகிறவர்கள்.

இந்த முறை சிக்கியது கோப்பு தேடித் தரும் ஒரு மென்பொருள். கணினியின் எல்லா மூலையையும் துழாவ வேண்டுமென்று அதற்கு உச்ச அதிகாரம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அது துணைக் கோப்புகளை எடுக்கும் ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் எதையும் போடலாம். சாதாரண ஆள் தன் கோப்பை அங்கே வைத்தால், அதுவும் உச்ச அதிகாரத்தோடு ஓடும். அப்புறம் கணினி முழுக்க அவன் கையில்.

அந்த மென்பொருளின் நிறுவனம் இந்த ஓட்டை பற்றிய ஈடித்தின் அறிக்கையை இரண்டு தடவை நிராகரித்துவிட்டது. மூன்றாவதும் போனால், அறிக்கை அனுப்பும் தளத்திலிருந்தே அவளை நீக்கிவிடுவார்கள். அதற்குத்தான் இந்த வீடியோ அழைப்பு. திரையில் எதிரே, நிறுவனத்தில் அறிக்கைகளைச் சோதிக்கிற ஆள், பிரென்ட்.

"நீங்க சொன்னபடியே செஞ்சேன்," என்றான் கொட்டாவியோடு. "கட்டளை அடிக்கற கறுப்பு விண்டோ தொறக்குது. அதுல செய்யறதெல்லாம் முன்னாடியே என்னால செய்ய முடியுமே. புதுசா என்ன கெடச்சுது?"

ஈடித் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"ஏங்க, நீங்க எந்த அக்கவுண்ட்ல இருக்கீங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"முழு அதிகாரம் இருக்கற அட்மின்லதான். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அதானே."

"வீட்டுக்காரரே சொந்த வீட்ல திருடப் போனா, என்னத்தப்பா புதுசா எடுப்பாரு?" என்றேன் நான்.

"சும்மா இருடா," என்றாள் ஈடித். "பிரென்ட், வெளிய வந்து, அதிகாரம் எதுவும் இல்லாத கெஸ்ட் அக்கவுண்ட்ல போங்க. மறுபடி செய்யுங்க."

முணுமுணுத்தபடி செய்தான். தட்டச்சுச் சத்தம் நின்றது. முகம் திரையோடு ஒட்டிக்கொண்டது.

"நான் யாருன்னு கேட்டா... சிஸ்டம்னு சொல்லுது! உச்ச அதிகாரம், கெஸ்ட்டுக்கு! ஐயையோ, இது லட்சம் பேர் கம்ப்யூட்டர்ல இருக்கே!"

"அதத்தானய்யா ரெண்டு தடவ எழுதுனேன்!"

ஈடித் மேஜையில் குத்திய குத்தில் டோனட் தட்டு எகிறிக் குதித்தது. நான் எழுந்து நின்று ஊளையிட்டேன். பக்கத்து வீட்டு நாய் பதில் குரைத்தது.

அந்த வாரமே ஓட்டையை அடைத்தார்கள். ஆபத்து 'மிக அதிகம்' என்று அறிவித்தார்கள். அறிவிப்பின் தலையில், கண்டுபிடித்தவராக ஈடித் மெக்கிபன் என்ற பெயர். தளத்திலிருந்து நீக்கும் பேச்சும் போயிற்று.

பிரென்ட் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.