மச்சான் நிரப்பிய கேஸ்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் காரை ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி பதினொன்று. இரண்டு பக்கமும் பிரேக் மிதி வைத்த கார் அது.

"காலையில சில்லுனு வருதும்மா. பத்து மணிக்கு மேல வெறும் காத்துதான். ஓட்டக் கத்துக்க வர்றவங்க ஏற்கெனவே பயத்துல வேர்த்துக் கொட்டுறாங்க. கொஞ்சம் கேஸ் போட்டு விட்டுடுங்க."

அந்த ஒர்க்‌ஷாப்பை ஒரு அண்ணனும் தங்கையும் நடத்தினார்கள். எஞ்சின் வேலை அண்ணனுக்கு, ஏசி தங்கைக்கு. அவள் பானெட்டைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துடைத்துப் படித்தாள். 134ஏ வகை கேஸ், ஐந்நூறு கிராம். பிறகு சோதனைக் கருவியின் குழாயை ஏசி லைனில் மாட்டினாள். திரையில் வந்த எண்களை இரண்டு தடவை பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி யார் சார் கேஸ் போட்டது?"

"என் மச்சான்தான். ஆன்லைன்ல டின் வாங்கி, வீட்டு வாசல்லயே போட்டுக் குடுத்தான். ஏன், கேஸ்னா கேஸ்தானே?"

"வெளுத்ததெல்லாம் பாலா சார்? இதுல பாதிக்குப் பாதி எரியுற கேஸ். அடுப்புல எரியுதே, அந்த ஜாதி. இந்த வண்டி அதுக்குச் செஞ்சது இல்ல."

பக்கத்தில் வெல்டிங் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கினான். "அதைத் தொறந்து வெளிய விட்டுட்டுப் புதுசா போட்டு அனுப்பும்மா. ரெண்டு வண்டி காத்துக்கிட்டு இருக்கு."

"முதல்ல நீ வெல்டிங்க நிறுத்துண்ணா."

அவன் நிறுத்தினான்.

கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு அவள் காருக்குள் உட்கார்ந்தாள். டேஷ்போர்டில் காற்று வரும் துவாரத்தருகே அதன் நுனியை வைத்ததும் கருவி விடாமல் கத்தியது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை. கேஸ் இத்தனை நாளும் ஆட்கள் உட்காரும் இடத்திற்குள்ளேதான் வந்துகொண்டிருந்தது.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த லைட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு பாடத்திற்கும் அடுத்த பாடத்திற்கும் நடுவே, கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த சீட்டில்தான் அவர் சிகரெட் பிடிப்பார்.

"ஒரே டின்தானா சார்?"

"ரெண்டு வாங்கினான். இன்னொண்ணு அவன் வண்டிக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்ட, அவர் மனைவி அன்று மச்சானோடு அந்த வண்டியில்தான் போயிருந்தாள். போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். போன வருஷம் மச்சான் வாங்கிக் கொடுத்த மிக்ஸியைக் குறை சொன்னதற்கு மனைவி நான்கு நாள் அவரோடு பேசவில்லை. 'என் தம்பி எது செஞ்சாலும் உங்களுக்கு இளக்காரம்.'

ஏசிக்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எண்ணை அழுத்தினார்.

"ஏசிய அணைச்சிட்டு கண்ணாடியெல்லாம் இறக்கு. வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு. அத்தையக் கூட்டிக்கிட்டு இறங்கிடு."

"என்னங்க ஆச்சு?"

"அவன் போட்ட கேஸு தீப்பிடிக்குற கேஸாம்."

மச்சான் சிரிப்பது போனில் கேட்டது. "மாமாவுக்கு நான்னாலே ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும்." மனைவி சிரிக்கவில்லை. "ஓரமா நிறுத்துடா" என்றாள். கதவு திறக்கும் சத்தம் வந்தது.

முக்கால் மணி நேரத்தில் மச்சான் வந்து சேர்ந்தான். எல்லாக் கண்ணாடியும் இறக்கியிருந்தது. முகம் வெயிலிலும் கோபத்திலும் சிவந்திருந்தது. ஏசிக்காரி அவன் காரிலும் குழாயை மாட்டித் திரையைக் காட்டினாள். டிக்கியில் கிடந்த காலி டின்னை எடுத்துத் திருப்பினாள். முன்பக்கம் 'எல்லாக் கார்களுக்கும் ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கம், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், எளிதில் தீப்பற்றும் என்று இருந்தது. அவன் அதைப் படித்து முடிக்க வெகு நேரமானது.

"நல்லதுன்னு நினைச்சுதான் மாமா செஞ்சேன்."

"தெரியும்டா."

மச்சானின் காரில் கசிவு இல்லை. இரண்டு காரின் கேஸையும் அவள் தன் மெஷினில் இருந்த நல்ல கேஸோடு சேர்க்காமல் தனி சிலிண்டரில் இழுத்து, சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு வைத்தாள். மாஸ்டரின் காரில் டேஷ்போர்டை முழுதாகக் கழற்றிக் காயிலை மாற்ற இரண்டு நாள் பிடித்தது. பிறகு லைனில் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுத்து, மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்து, தராசில் நிறுத்து ஐந்நூறு கிராம் ஏற்றினாள்.

மூன்றாம் நாள் மாஸ்டர் மனைவியை அந்தக் காரில் கடைக்கு அழைத்துப் போனார். உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்ந்தது. சிக்னலில் நின்றபோது, கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கு உனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சேன்."

"எதுக்கு?"

"நீ கோவிச்சுக்குவியோன்னு."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

அவர் சிக்னலைப் பார்த்தார். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.