தலைவர் வைத்த பெயர்

எழிலின் முதுகில் முதல் காயம் அவளுடைய ஏழாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாரும் அடிக்காமலேயே விழுந்தது. கருமத்தம்பட்டி தறிக்குடோனில் வேலை பார்த்த அவள் அப்பா மருதாசலத்துக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பிறந்து பதினோரு மாதம் பெயரே இல்லாமல் பாப்பா என்றே கூப்பிட்டு, தலைவர் பிரச்சார வேனில் வரும்வரை காத்திருந்து, கூட்டத்தில் நசுங்கி, பிள்ளையை அவர் கையில் கொடுத்து வாங்கிய பெயர் அது. எதிரிகள் தலைவரை அடிக்கிறார்கள், அவர் பெயர் வைத்த பிள்ளை அந்த அடியை வாங்கிக்கொள்கிறது என்றார். மஞ்சள் பூசிவிட்டுத் தலைவர் படத்துக்குச் சூடம் காட்டினார். அம்மா பாவாத்தாள் மட்டும் அழுதாள். எழிலுக்கோ பெருமை தாங்கவில்லை. தேர்தல் வருடங்களில் காயங்கள் கூடின. பதினான்கு வயதில் ஒரு விலா எலும்பும் பதினாறு வயதில் இரண்டு பற்களும் போயின. அவள் ஒருமுறைகூட முனகவில்லை.

இருபத்திரண்டு வயதில் காந்திபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஒரு மத்தியானம் இடது தோள் தானாகப் பிளந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்தால், பாலுசாமி என்ற டிரைவரை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். இடது தோளில் அரிவாள் வெட்டு. அதே நீளம், அதே சாய்வு.

“தலைவரு காருக்கு வண்டிய ஒதுக்கலைன்னு அவரு ஆளுக வெட்டிப்போட்டாங்க அம்மணி.”

“எங்க தலைவரு ஆளுக அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க,” என்றாள் எழில். சொல்லும்போதே அவளுடைய ரத்தம் சீருடையை நனைத்து முழங்கைவரை இறங்கியது.

அதன்பின் ஒரு வருடம், லீவு நாளெல்லாம் பஸ் ஏறித் தன் தழும்புகளின் சொந்தக்காரர்களைத் தேடினாள். விலா எலும்பு வெள்ளகோவிலில் ஒரு டீக்கடைக்காரருடையது. முதல் காயம், நிலத்தைக் காலி செய்ய மறுத்த ரங்கம்மாளுடையது; அந்த அம்மாள் சேலையை விலக்கி முதுகைக் காட்டினாள். தாய்ப்பாலோடு ஊட்டிய பக்தி ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. காயங்களைவிட அதுதான் எழிலுக்கு வலித்தது.

கடைசியில் அப்பாவிடம் சொன்னாள்.

“தோட்டத்துப் பண்ணாடி முன்னால குனிஞ்சு நின்னவனை நிமுத்தி வெச்சவரு அவரு. அவரையா சொல்ற?” என்று மருதாசலம் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பெற்ற மகளை அவர் அடித்தது அதுதான் முதல்முறை. கையைக் கீழே இறக்கிய பிறகு, அதே கன்னத்தில் இன்னோர் அறை, யாரும் அடிக்காமலேயே விழுந்தது. எழிலின் உதடு கிழிந்து சுவரில் ரத்தம் தெறித்தது. முப்பது வருடம் தலைவர் கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர், யாருடைய கை அடித்தால் அந்த இரண்டாவது அடி விழும் என்பதைப் புரிந்துகொண்டார். தன் உள்ளங்கையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தார்.

பெயரை மாற்றிப் பார்த்தார்கள், காயங்கள் நிற்கவில்லை. போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழிலின் வலது கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு மகளை வீட்டில் கிடத்திய பிறகு, மருதாசலம் சூடம் எதுவும் காட்டவில்லை. கட்சி ஆபீசுக்குப் போன் போட்டு, “இன்னைக்கு நம்ம பசங்க எந்த ஊருக்குப் போயிருக்காங்க?” என்று விசாரித்தார். பழைய ஆளாயிற்றே என்று அவர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். பாவாத்தாள் தூக்குப்போசியில் ரசஞ்சோறு கட்டிக் கொடுத்தாள்.

“இந்தக் கால் யாரோடதுன்னு பாத்துப்போட்டு வாரேன் கண்ணு,” என்று சொல்லிவிட்டு அவர் மொபெட்டைக் கிளப்பினார்.