திரும்பி வந்த படகு

ஏஐ பற்றிய விதிகளைப் படித்து முடித்ததும் மேனேஜர் ஹரிஹரன் தாளை மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தச் சின்ன ரிசார்ட்டின் வேலைக்காரர்கள் மொத்தப் பேரும் ஒரு சாப்பாட்டுக் கொட்டகைக்குள் அடங்கிவிடுவார்கள். வங்காளிச் சமையற்காரர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து போட்டார். துணி வெளுக்கும் ரூபா பேனாவை வாங்கி, "இனிமே கையெழுத்துக்கும் மொபைலக் கேட்டுட்டுத்தான் போடணுமா மேனேஜர் சாப்?" என்று கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்து நின்ற வரவேற்பு மேசைப் பெண் தமிழரசி சிரிக்காமல் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

ஹரிஹரன் அந்த விதிகளைத் தன் கையாலேயே இந்தியிலும் தமிழிலும் எழுதியிருந்தார். அடித்துத் திருத்திய இடங்கள் அப்படியே இருந்தன. விருந்தினருக்குப் போகும் பதிலை ஏஐயிடம் எழுதி வாங்கினால், அனுப்பும் முன் இன்னொருவர் முழுக்கப் படிக்க வேண்டும். விருந்தினரின் பெயர், ஃபோன் நம்பர், பாஸ்போர்ட் எதையும் அதற்குள் போடக்கூடாது. ஒரு வரி புரியவில்லை என்றாலும் அனுப்பக்கூடாது. நடக்காததை நடந்ததாகச் சொல்லக்கூடாது. கடைசி விதியைப் படிக்கும்போது மட்டும் அவர் தலையைத் தூக்கவில்லை. எல்லாமே நியாயமான விதிகள்தான். போன மாதம் இதே தாள் இதே மேசைமேல் இருந்திருந்தால், படகுக்காரர் பிரகாசமும் இந்த வரிசையில் நின்றிருப்பார். முந்தின நாள்தான் அவரை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

தமிழரசி தன் பெயரைத் தமிழில் எழுதினாள். கடைசி எழுத்து கோட்டைவிட்டு இறங்கிப் போயிற்று.

அவள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துப் பெண். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அம்மா சொர்ணம்மா படுக்கையில் விழுந்தபோது, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேர் கப்பலில் வந்தபோது, பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண் தன் போர்வையை எடுத்து அம்மாவுக்குப் போர்த்திவிட்டாள். அவள்தான் பிரகாசத்தின் மனைவி லூசி. அந்தப் பழக்கத்தில் லூசி அவளை ஹேவ்லாக்குக்கு வரச் சொன்னாள். பிரகாசம் மேனேஜரிடம் பேசி வேலை வாங்கிக் கொடுத்தார். தங்கவும் அவர்கள் வீட்டிலேயே ஓர் அறை. மாதச் செலவுக்கு என்று தமிழரசி நீட்டியதை லூசி ஒருமுறைகூட வாங்கியதில்லை.

முதலில் அறை கூட்டும் வேலை. பிறகு வரவேற்பு மேசையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட, அந்த நாற்காலி இவளுக்கு வந்தது. டவல், செக்-அவுட், ஹாட் வாட்டர் என்கிற அளவில்தான் அவளுடைய இங்கிலீஷ் இருந்தது. தங்கிவிட்டுப் போனவர்கள் இணையத்தில் எழுதும் ரிவ்யூக்களுக்குப் பதில் போடச் சொன்னபோது இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். ஏஐயிடம் சொன்னால் எழுதித் தரும் என்று ரூபாதான் மொபைலில் காட்டிக் கொடுத்தாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி விஷயத்தைச் சொன்னால் போதும், பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர் எழுதியதுபோல் வந்து விழுந்தது. எத்தனாவது வரை படித்தாய் என்று அது அவளிடம் கேட்கவில்லை. ரிசார்ட்டின் ஸ்டார் ஏறியது. ஹரிஹரன் எல்லோர் முன்னாலும் மெச்சினார். ரூபா அவளை மேம்சாப் என்று கேலி செய்தாள். அந்தக் கேலி தமிழரசிக்குப் பிடித்திருந்தது. இரவில் படுக்கும்போது அதை ஒருதரம் நினைத்துக்கொள்வாள்.

அப்புறம்தான் அந்த ரிவ்யூ வந்தது. குடும்பத்தோடு வந்த ஒருவர், கடலுக்குள் கூட்டிப்போன படகு பாதி வழியில் திரும்பிவிட்டதாகவும், படகுக்காரர் தன்னைப் பார்த்துக் கத்தியதாகவும் எழுதியிருந்தார். அவர் பெரிய டூர் ஏஜெண்ட். பொங்கல் சமயத்தில் ஒரு கூட்டத்தையே அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். அன்று மேசையில் ஏகப்பட்ட கூட்டம். தமிழரசி அவசரமாகத் தட்டினாள்: கெஸ்ட்டுக்குக் கோபம், படகு திரும்பிவிட்டது, படகுக்காரர் கத்தினார், நல்லபடியாக மன்னிப்புக் கேட்டு எழுது. நீளமாக வந்தது. அதை அப்படியே எடுத்துப் போட்டாள்.

அதன் நடுவில் என்ன இருந்தது என்பதை ஹரிஹரன்தான் மறுநாள் அவளுக்குத் தமிழில் சொன்னார். நாங்கள் விசாரணை நடத்தினோம், தவறு செய்த படகோட்டியை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், இனி அவரை எங்கள் படகில் பார்க்க மாட்டீர்கள். அதற்குக் கீழே அந்த ஏஜெண்ட் நன்றி சொல்லியிருந்தார். இப்படித்தான் ஒரு நிர்வாகம் இருக்க வேண்டும் என்று எழுதி, ஒரு ஸ்டாரை ஐந்தாக மாற்றியிருந்தார்.

தமிழரசி பதிலை அழித்துவிடலாம் என்றாள். ஹரிஹரன் போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் இருக்கும் முதலாளி சண்முகத்துக்கு ஃபோன் செய்தார். சண்முகம் மறுநாள் கப்பலிலேயே வந்தார். நடந்ததை ஹரிஹரன் ஒளிக்காமல் சொன்னார். விசாரணை எதுவும் நடக்கவில்லை, பிரகாசத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்த வரியை ஏஐ தானாகப் போட்டுக்கொண்டது. சண்முகம் பூரியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். தட்டு காலியானதும் துண்டில் கையைத் துடைத்தார்.

"நாம எழுதினது பொய்யின்னு இப்ப நாமளே சொல்லணுமா? பொங்கலுக்கு அந்த ஆளு வந்து இவனையே படகுல பாத்தா என்ன ஆகும்? எழுதினபடி செஞ்சிட்டுப் போங்க." கிளம்பும்போது வரவேற்பு மேசையைப் பார்த்து, "பொண்ணு நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் ஹரிஹரன் கணக்கறை வாசலில் நின்றார். அவர் குரல் அடங்கியிருந்தது. "அதெல்லாம் நீயா எழுதுறதில்லன்னு எனக்குத் தெரியும் தமிழ். ஸ்டார் ஏறிச்சு, நானும் கேக்கல." அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்து அந்த விதிகளை எழுதினார்.

கையெழுத்துப் போட்ட அன்று வீட்டுக்குப் போகும் பாதை தமிழரசிக்கு நீண்டுகொண்டே போனது. பாக்குத் தோப்பைத் தாண்டும்போதே குழம்பு மணம் வந்தது. பாறை மீன். அந்த வீட்டில் மீன் தலை எப்போதும் பிரகாசத்துக்குத்தான். யாரும் சொல்லி வைத்ததல்ல. லூசி அகப்பையில் முதலில் தலையைத்தான் எடுப்பாள், அவர் தட்டு வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பிரகாசம் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொடும் மனிதர். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து அவர் அப்பா கொண்டுவந்த பேச்சு இன்னும் அவர் வாயில் இருந்தது. விருந்தினர் புகார் கொடுத்ததால் நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். தமிழரசியைக் கண்டதும் பாயில் இடம் ஒதுக்கினார்.

"மக்ளே, மாலிக்குக்கு, சண்முகம் சாருக்கு, ஒரு மனு எழுதணும். நீ எழுதினா அவரு வாசிப்பாரு. உன் இங்கிலீஷ அவரே மெச்சினாராம்லா."

அவள் மொபைலை எடுத்தாள். பழக்கத்தில் விரல் அந்த ஏஐ இருக்கும் இடத்துக்கே போனது. எழுதச் சொல்லிக் காத்திருக்கும் வெற்றுப் பெட்டி திறந்தது.

"என்னான்னு எழுதட்டும்ணே?"

"உள்ளத எழுது. மேக்க கறுத்துது. மௌசம் கராப், மழ வருது, திரும்புவோம்னேன், அந்த ஆளு கேக்கல. சின்னப் பிள்ளைங்க ரெண்டு இருந்துது படகுல. அவன் அதுகளுக்குப் போட்டோ பிடிக்கணும்னு லைஃப் ஜாக்கெட்டக் கழத்துகான். சத்தம் போட்டேன்தான், இல்லேன்னு சொல்லல. போடாம என்ன செய்யது?"

அந்தப் பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்த அன்று, முடியெல்லாம் நனைந்து, வரவேற்பு மேசையில் இருந்த மிட்டாய்க் கிண்ணத்துக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் உள்ளே ஓடிய கொஞ்ச நேரத்தில் மழை கூரையைப் பிய்ப்பதுபோல் அடித்தது. பிரகாசமும் அங்கேதான், படியில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். என்ன நடந்தது அண்ணே என்று கேட்டிருக்கலாம். மேசைக்கும் படிக்கும் நடுவே ஒரு பூந்தொட்டிதான் இருந்தது.

அவள் மொபைலைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணே, மனு எழுதி ஒண்ணும் ஆகாது. ஒங்கள நிப்பாட்டச் சொல்லி அந்த ஆளு எழுதல. நிப்பாட்டிட்டோம்னு நான் போட்ட பதில்லதான் இருந்துச்சு. ஏஐ எழுதிச்சு. நான் அப்பிடியே போட்டுட்டேன். போட்டதுனால நெசமாவே நிப்பாட்டிட்டாங்க."

அடுப்புப் பக்கம் அகப்பையோடு நின்ற லூசி திரும்பவில்லை. பிரகாசம் தமிழரசியையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம்.

"நீ வாசிச்சுப் பாக்கலயா மக்ளே?"

"மொத வரிய வாசிச்சேன். கடைசி வரிய வாசிச்சேன்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். விலை சரிப்படாத மீனைத் திரும்பக் கூடையில் வைக்கிறவரைப் போல இருந்தது. பிறகு, பசிக்கவில்லை என்று லூசியிடம் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். லூசி அகப்பையில் இருந்த தலையைக் குழம்புக்குள் திரும்ப விட்டு மூடினாள். தமிழரசிக்குச் சோறு போட்டாள், ஒரு நடுத்துண்டும் வைத்தாள்.

மறுநாள் விடியும் முன்பே பிரகாசம் கிளம்பினார். போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் மார்ட்டின் அவருக்குத் தம்பி முறை. அங்கே மூட்டை வேலையாவது கிடைக்குமா என்று பார்க்கப் போகிறார். தன் அறையில் படுத்தபடியே தமிழரசி எல்லாவற்றையும் கேட்டாள். பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம், லூசி முணுமுணுக்கும் ஜெபம், ஈரமண்ணில் போகும் செருப்பு. எழுந்து வாசலுக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தாள். எழுந்தபோது லூசி வீட்டில் இல்லை. ஜன்னல் ஓரத்தில் எப்போதும்போல தமிழரசியின் சாப்பாட்டு டப்பா மூடியபடி இருந்தது. எடுத்தபோது கனத்தது.

மத்தியானம் துணி காயும் கொடிகளுக்குப் பின்னால், தென்னையடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். சோற்றின்மேல் பாறை மீனின் தலை இருந்தது. நேற்று அவர் தொடாத அதே தலை. குழம்பில் ஓர் இரவு ஊறிக் கறுத்திருந்தது. அவர் இல்லாத வீட்டில் வீணாகக் கூடாது என்று வைத்தாளா, இவளுக்கென்றே வைத்தாளா, லூசியின் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வெந்து வெளுத்த கண் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தமிழரசி சோற்றில் கை வைக்காமல் மூடியை விரலில் பிடித்தபடி இருந்தாள்.

கீழே துறையில் புதுப் படகுக்காரன் டுங்கியின் எஞ்சினை முடுக்கிக்கொண்டிருந்தான். பிரகாசம் ஓட்டிய அதே பச்சை மரப்படகு. ஆபீஸுக்கு ஃபோன் போட்டுக் கேட்காமல் நடுவழியில் திரும்பக்கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பாறை முனையைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது என்பதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு குடும்பம் கைபிடித்து ஏறியது. ஒரு சின்னப் பெண் நுனியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் விரலை விட்டாள்.

மேற்கே, கடலும் வானமும் சேரும் இடத்தில் ஒரு கோடு கறுத்திருந்தது. அது மழையா, தூரத்துத் தீவின் நிழலா என்று தமிழரசிக்குத் தெரியவில்லை. டப்பாவை மணலில் வைத்துவிட்டு எழுந்தாள். காய்ந்துகொண்டிருந்த வெள்ளை விரிப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் உப்பி அவள் பக்கம் திரும்பின. படகு கரையைவிட்டு நகர்ந்தது. செருப்பை விட்டுவிட்டு அவள் துறையை நோக்கி இறங்கினாள். திரும்பி வரச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். எஞ்சின் சத்தத்தில் தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை.